கட்டிக்கு நாலு பேரு

என்னங்க தம்பி, கோயில்பாளையம் தாண்டினதுல இருந்து எங்கழுத்தையே பாக்கறீங்க. பரவால்லீங்க, நல்லாப் பாருங்க. வெட்டுக்குத்து ஒண்ணுமில்லை. ஆபரேசன் பண்ணுன தழும்புதான். எல்லாரும் பாப்பாங்க, நான் திரும்புனா வெடுக்குனு ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. நீங்க திருப்பினதையும் பாத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க, அது எனக்குத் தொழிலுங்க.

போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். சென்னியப்பன்னு பேரு. புளியம்பட்டி. இதே ரூட்டுல எத்தனை தடவை ஏறி எறங்கியிருப்பேன்னு கணக்கே இல்லை. பஸ்ஸுல கால் வெச்சதும் ஒரு பார்வை பாப்பேனுங்க. எவன் டிக்கெட் எடுக்கலைன்னு மூஞ்சியே சொல்லிரும். கண்டக்டர் மூஞ்சியும் சேத்துத்தான். சந்தேகப் பிராணின்னு எனக்குப் பின்னாடி பேசிக்குவாங்க. அது சந்தேகம் இல்லீங்க தம்பி. கவனம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது.

அப்படிப்பட்ட எனக்கே தண்ணி காட்டப் பாத்தாங்க. அதைச் சொல்றேன் கேளுங்க.

மொதல்ல கண்டுபிடிச்சது சேவிங் பண்றவனுங்க. தாடைக்குக் கீழ, இடது பக்கம் கத்தியை வெச்சவன் அப்படியே நின்னுட்டான். "ஏனுங்ணா, இங்க புளியங்கொட்டையாட்டம் ஒண்ணு ஓடுதுங்களே"ன்னான். தொட்டுப் பாத்தேன். ஆமா, இருக்குது. வலியில்லை. அமுக்கினா நகந்து போகுது.

உள்ளூர் டாக்டருகிட்டப் போனேன். ரெண்டு விரல்ல அமுக்கிப் பாத்துட்டு, "கொழுப்புக் கட்டிங்க, ஒண்ணும் பண்ணாது"ன்னார். ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றப்ப அவரு கண்ணு அடுத்த பேசண்ட் மேல இருந்துச்சு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. ஆனாலும் விட்டுட்டேன். அது சும்மா இருக்கலை. தை மாசத்துல புளியங்கொட்டையா இருந்தது வைகாசியில நெல்லிக்காயாட்டம் ஆயிருச்சு.

எனக்கு ஒரே பொண்ணுங்க. கோகிலவாணி, வாணின்னுதான் கூப்புடுவோம். திருப்பூர்ல பேங்குல வேலை, மாப்பிள்ளையும் அங்கதான். லீவுக்கு வந்தவ கழுத்தைப் பாத்துட்டு, மறுபேச்சு பேச விடாம கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பெரிய ஆஸ்பத்திரிதான், பேரு எதுக்கு விடுங்க. அங்க ஒரு சர்ஜன். சின்ன வயசு, நிதானமான ஆளு. "நெறிக்கட்டியா இருக்கலாம். டிபி இருக்குதான்னு பாத்துருவோம்"ன்னார். ஊசி போட்டு உள்ள இருக்கறதை உறிஞ்சி எடுத்தாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. பொறகு கூப்புட்டு, "டிபி இல்லீங்க. ஊசியில நீள நீளமா செல்லு வந்திருக்குது. நரம்புல வர்ற கட்டியா இருக்கும்னு தோணுது. முழுசா எடுத்துப் பாத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்"னார்.

கணக்குப் பண்ணுங்க. உள்ளூர்ல கொழுப்பு. இங்க வந்ததும் நெறி. அடுத்த வாரம் நரம்பு. பஸ்ஸுல ஒருத்தனைப் புடிச்சு எங்க ஏறுனேன்னு கேட்டா, அன்னூருங்கறான், கரியாம்பாளையங்கறான், இல்லீங்க கணேசபுரங்கறான். அவன் டிக்கெட் எடுத்திருப்பானுங்களா? அதுதான் எனக்கும் பட்டுச்சு.

அதோட விட்டாங்களா. சர்ஜன் எம் பொண்ணைப் பாத்து, "நீங்க மட்டும் செத்த இருங்க, கையெழுத்து வாங்கணும்"னார். என்னை வெளிய உக்கார வெச்சுட்டாங்க. கதவுக் கண்ணாடியில பாத்தேன். அவரு பேசறாரு, இவ தலையாட்டறா. கையெழுத்துப் போட எத்தனை நேரமாகுமுங்க? வெளிய வந்தவ சிரிச்சுட்டே வந்தா. "ஒண்ணுமில்லீங்கப்பா, சின்ன ஆபரேசன்தானாம்"ன்னா.

எனக்கு அங்கயே புரிஞ்சு போச்சு தம்பி. ஏன்னா இந்த வேலையை நானே பண்ணியிருக்கறேன். என்னைவிடக் கச்சிதமா அதை யாரும் பண்ண முடியாது.

எம் சம்சாரம் ராமாத்தா. அவளுக்கு வயித்துல கேன்சரு. டாக்டரு எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னார். நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன், இவளுக்குத் தெரியக் கூடாதுன்னு. பயந்த சுபாவம், தெரிஞ்சா அந்த வெசனத்துலயே போயிருவா. குடல் புண்ணுன்னு சொன்னேன். டாக்டருகிட்டயும் நர்சுங்ககிட்டயும் அப்படியே சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரி முன்வாசல்ல பெரிய போர்டு, புற்றுநோய்னு கொட்டை எழுத்துல. அவளை ஒரு நாளும் முன்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போனதில்லை. பக்கத்துச் சந்துல சின்ன கேட்டு ஒண்ணு இருந்துச்சு, அது வழியாத்தான். முடி கொட்டுச்சு. மாத்திரை சூடுன்னேன். ஒறம்பரை, சொந்தக்காரங்க பாக்க வந்தா வாசல்லயே நிறுத்தி, உள்ள போயி கண்ணைக் கசக்கறதுன்னா இப்பவே திரும்பிப் போயிருங்கன்னு சொல்லித்தான் விடுவேன். அந்த வருசம் பூரா ஒரு சின்ன ஓட்டை விடலீங்க.

அவளும் ஒரு நாள்கூட எனக்கு என்னன்னு கேட்டதில்லை. குடல் புண்ணுங்கறேன், சரீங்கறா. அவ்வளவு நம்பிக்கை எம்மேல.

சந்தோசமாத்தான் இருந்தா. எந்துருச்சு உக்கார முடிஞ்ச நாள்ல அடுப்படியில ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டு, எனக்கு ரசம் வெக்கச் சொல்லிக் குடுத்தா. அரிசியும்பருப்பும் சோறு எப்படிப் பண்றது, எந்த டப்பாவுல என்ன இருக்குது, எல்லாம். எனக்குப் பொழுது போகட்டும்னு. பட்டுச் சேலையெல்லாம் எடுத்துத் தங்கச்சிக்குக் குடுத்துட்டா. கட்டினா கனக்குதுன்னா. வாணிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தோம், உனக்குப் புண்ணு ஆறட்டும், தை மாசம் தடபுடலாப் பண்ணுவோம்னேன். இல்லை, ஆவணியிலயே முடிச்சுருங்கன்னு ஒத்தக் கால்ல நின்னா. பொம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். சரி, ஆசைப்படறாளேன்னு ஆவணியில முடிச்சேன். கார்த்திகையில போயிட்டா. கடைசி வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த ஒரு விசயத்துல எனக்கு நிம்மதிங்க.

இதைப் பூராப் பக்கத்துல இருந்து பாத்தவ வாணி. அப்ப அவளுக்கு இந்த வித்தை தெரியாமயா இருக்கும்? எங்கிட்டக் கத்துக்கிட்டதை எங்கிட்டயே காட்டறாள்னு நெனைச்சேன்.

ஆபரேசன் ஆச்சு. கட்டி முழுசா வந்துருச்சு, சுத்தி எதுலயும் ஒட்டலைன்னாங்க. நல்லதுன்னேன். ரிசல்ட்டுன்னேன். அடுத்த வாரம்னாங்க. அடுத்த வாரம் போனா இன்னும் வரலை. லேப்ல வேற சாயம் போட்டுப் பாக்கணுங்கறாங்களாம். அதுக்கடுத்த வாரம் போனா, வெளியூருக்கு அனுப்பியிருக்கறாங்களாம். ஒண்ணுமில்லாத கட்டிய எதுக்குங்க வெளியூருக்கு அனுப்பறாங்க? கேட்டா, உறுதிப்படுத்தத்தான்னாங்க.

அதுக்குள்ள ஊட்டுல எல்லாம் மாறிப் போச்சு. எனக்குச் சர்க்கரை உண்டுங்க. நெய்யைக் கண்ணுல காட்டாதவ வாணி. அவ வாராவாரம் வந்து அரிசியும்பருப்பும் பண்ணி, மேல நெய் ஊத்தறா. மாப்பிள்ளை எப்பவும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டார். அவரு எளநி வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து, "மாமா, பழைய செக்கிங் கதை எதாச்சும் சொல்லுங்க"ங்கறார். கல்யாணம் ஆனதுல இருந்து கேக்காத கதைய இப்ப எதுக்குக் கேக்கறார்? ராமாத்தாளுக்கு நானும் இப்படித்தான் பக்கத்துல உக்காந்து பேசினேன். கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தேன். எனக்குத் தெரியாதுங்களா.

ஒரு வழியா ரிசல்ட்டு வந்துச்சு. சர்ஜன் கூப்புட்டு உக்கார வெச்சார். "நல்ல செய்திங்க. இது கேன்சர் இல்லை. நரம்புக் கட்டியும் இல்லை. தசைக் கட்டி"ன்னார்.

நாலாவது பேரு தம்பி.

"தசைன்னா எந்தத் தசைங்க"ன்னேன். அவரு பொறுமையாத்தான் சொன்னார். கை கால் தசை நாம சொன்னா கேக்கும். குடல்லயும் ரத்தக் குழாய் சுவத்துலயும் ஒரு தசை இருக்குது, அது நாம சொன்னாக் கேக்காது, அதும்பாட்டுக்கு வேலை செய்யும். அந்தத் தசை கொஞ்சம் சேந்து வளந்து கட்டியாயிருச்சு, கழுத்துல வர்றது ரொம்ப அபூர்வம்னார். அதோட நிறுத்தியிருந்தாக்கூடப் பரவால்லை. எனக்கு வெளங்கட்டும்னு, "பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையில கட்டி வருதில்லீங்களா, அதே ஜாதிதான் இது"ன்னுட்டார்.

கர்ப்பப்பைக் கட்டி. ஆம்பளைக்கு. கழுத்துல.

எந்துருச்சு கும்பிட்டுட்டு வந்துட்டேன். ஒரு மனுசன் பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரியாச்சும் சொல்லணும். நான் குடல் புண்ணுன்னு சொன்னேன்னா அதுல ஒரு நியாயம் இருந்துச்சு.

இதை விடக்கூடாதுன்னு, யாருக்கும் சொல்லாம ஒரு நாள் பஸ் ஏறி அந்த லேப்புக்கே போயிட்டேன். ஆஸ்பத்திரிக்கு அடியில, கீழ்த் தளத்துல இருக்குது. டாக்டர் மெஹருன்னிசான்னு ஒரு அம்மா. அவங்கதான் என் கட்டியப் பாத்துச் சொன்னவங்க. பேரைச் சொன்னதும், "வாங்கய்யா, உக்காருங்க"ன்னாங்க. நான் வருவேன்னு எதிர்பாத்துட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. மொதக் கேள்வியே கேட்டேன்.

"எம் பொண்ணு உங்ககிட்டப் பேசினாளுங்களா?"

அந்தம்மா செத்த தயங்குனாங்க. "பேசினாங்க. நீங்க வந்தாலும் வருவீங்க, வந்தா கோவிச்சுக்காம நிதானமா எடுத்துச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க"ன்னாங்க.

பாத்தீங்களா. எனக்கு முன்னாடியே ஆள் போயிருச்சு. நானும் அப்படித்தானுங்க, ராமாத்தாளைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நான் போயி சொல்லிட்டு வருவேன்.

அந்தம்மா கோவிச்சுக்கலை. ரெண்டு பேரு ஒண்ணா உக்காந்து பாக்கற மைக்ராஸ்கோப் இருக்குது, அதுல என்னை உக்கார வெச்சாங்க. கண்ணு வெச்சுப் பாத்தேன். ரோஸ் கலரா, தறியில பாவு நூலு ஓடுற மாதிரி கத்தை கத்தையா, குறுக்கயும் நெடுக்கயும் ஓடுது. நடு நடுவுல சின்னச் சின்ன ஓட்டை. "அந்த ஓட்டையெல்லாம் ரத்தக் குழாய். அதைச் சுத்தி ஓடறது தசை. கேன்சரா இருந்தா செல்லு ஒழுங்கில்லாம, வேக வேகமா ரெண்டா பிரிஞ்சுக்கிட்டு இருக்கும். இதுல ஒண்ணுகூட அப்படி இல்லை, எங்க வேணாலும் தேடிப் பாருங்க"ன்னாங்க.

"இது எங்கட்டிதான்னு எப்படிங்க தெரியும்?"

"இந்த ஸ்லைடு கண்ணாடியில உங்க நம்பர்தான் ஒட்டியிருக்கு."

"நம்பர் ஒட்டறது யாருங்க?"

அந்தம்மா கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டாங்க. பொறகு சொன்னாங்க, "ஐயா, எனக்கும்தான் சந்தேகம் வந்துச்சு. கழுத்துல இந்தக் கட்டிய நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்லை. நரம்புக் கட்டியும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும். அதனாலதான் தசைக்குன்னு ஒரு சாயம், நரம்புக்குன்னு ஒரு சாயம் போட்டுப் பாத்தேன். தசைச் சாயம் புடிச்சுது, நரம்புச் சாயம் புடிக்கலை. அப்பவும் மனசு கேக்காம, என்னைவிட அனுபவப்பட்டவங்களுக்கு அனுப்பினேன். அவங்களும் இதையேதான் சொன்னாங்க. சந்தேகப்படறது என் வேலை. ஆனா சந்தேகம் தீந்ததுக்கப்பறமும் அதைப் புடிச்சுட்டே இருக்க முடியாதுங்களே."

நல்ல பேச்சுதான். ஆனா நல்லாப் பேசறவங்ககிட்டத்தான் நான் ரெண்டு தடவை டிக்கெட் கேப்பேன். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

அப்பறம் எனக்கு எதுலயும் புடிப்பு இல்லாம போயிருச்சு தம்பி. சோறு எறங்கலை. உடம்பு இளைக்க ஆரம்பிச்சுது. கண்ணாடியில பாக்கறேன், சட்டைக் காலருக்குள்ள கழுத்து ஆடுது. வாணிகிட்ட போன்ல சொன்னேன், பாரு, எளைச்சுட்டே போறேன், சும்மா எளைக்குமான்னு. "சாப்பிடாம இருந்தா எளைக்கத்தான் செய்யுமுங்கப்பா"ங்கறா, அழுகையும் கோவமுமா. அதுக்கும் பதில் ரெடியா வெச்சிருக்கறா. சர்க்கரை மாத்திரை, பிரசர் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திட்டேன். போற உசுருக்கு எதுக்குங்க மாத்திரை. ராமாத்தா போட்டோவைத் தொடச்சு வெச்சு, பக்கத்துல ஆணி அடிக்க எடம் இருக்குதான்னுகூடப் பாத்துட்டேன்.

ஒரு நாள் காலையில வாசல்ல தண்ணி புடிக்கப் போனவன் குழாயடியிலயே விழுந்துட்டேன். பக்கத்து ஊட்டுக்காரங்கதான் தூக்கிட்டுப் போயிருக்கறாங்க. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கெடந்துச்சாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா திரும்பியிருக்க மாட்டேன்னாங்க. கண்ணு முழிச்சுப் பாத்தா பக்கத்துல வாணி. பேங்குல இருந்து அப்படியே வந்திருக்கறா, கழுத்துல ஐடி கார்டுகூடக் கழட்டலை.

ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. சாயங்காலம் ஒரு தட்டுல மாத்திரையெல்லாம் எடுத்து வெச்சு, ஒரு டம்ளர் தண்ணியும் வெச்சு, எதிர்ல உக்காந்தா. "போட்டுக்குங்கப்பா"ன்னா. எதுக்கு சாமி, உண்மையச் சொல்லு, எத்தனை நாளுன்னு சொல்லு, நான் போட்டுக்கறேன்னேன். "ஒண்ணுமில்லீங்கப்பா, அது வெறும் தசைக் கட்டி"ன்னா. நான் தட்டை நகத்திட்டேன். மறுபடியும் சொன்னா, வார்த்தை தடுமாறுது. மறுபடியும் நகத்தினேன்.

அப்படியே உக்காந்திருந்தவ, திடீர்னு நிமுந்து என்னைப் பாத்துச் சொன்னா.

"ஆமாங்கப்பா. கேன்சர்தான். நாங்க எல்லாருமாச் சேந்து மறைச்சுட்டோம். டாக்டருக எல்லாம் எனக்காகப் பொய் சொன்னாங்க. நீங்க நெனைச்சதுதான் சரி. இப்ப மாத்திரையப் போடுங்க."

நான் அவ மூஞ்சியப் பாத்தேன்.

ஒண்ணு சொல்றேன் தம்பி, இது எந்த டிரெய்னிங்லயும் சொல்லித் தர மாட்டாங்க. டிக்கெட் இருக்கறவன் செக்கரைப் பாத்தாப் பதறுவான். பாக்கெட்டைத் தடவுவான், பையைக் கொட்டுவான், எங்க வெச்சேன்னு தெரியலீங்களேம்பான். டிக்கெட் இல்லாதவன்தான் கண்ணு இமைக்காம நம்மளையே பாப்பான். இத்தனை மாசமா ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு சொல்றப்ப எல்லாம் வாணி பதறுனா. அழுதா, கோவிச்சா, வார்த்தை தடுமாறுனா. அதை வெச்சுத்தான் நான் பொய்யின்னு நெனைச்சுட்டேன். இப்ப கேன்சர்தான்னு சொல்றா, கண்ணு இமைக்கலை. குரல் ஒரு சொட்டு நடுங்கலை.

பொய் சொல்றா.

எம் பொண்ணு பச்சப் பொய் சொல்றா. அப்படின்னா எனக்கு ஒண்ணுமில்லை.

சிரிப்பு வந்துருச்சுங்க. சிரிச்சுட்டே மாத்திரை எல்லாத்தையும் வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன். அவளுக்கு ஒண்ணும் வெளங்கலை. கேன்சருன்னு சொன்னா அப்பன் சிரிக்கறான். "பொய்தானே சொன்னே"ன்னேன். அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு. அடக்கி வெச்சதெல்லாம் சேத்து அழுதா. நான் முதுகைத் தட்டிக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன்.

இப்ப நல்லா இருக்கறேன். எளைச்ச உடம்பு திரும்ப ஏறிருச்சு. இன்னைக்குக்கூட அங்க காட்டிட்டுத்தான் வர்றேன். சர்ஜன் அமுக்கிப் பாத்து, இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்னார். சரீங்கன்னேன். அவரு மூஞ்சியக்கூட நான் பெருசாக் கவனிக்கலை. போறப்ப கோயில்பாளையத்துல ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கிட்டுப் போயி அந்த லேப் அம்மாவுக்குக் குடுத்துட்டு வந்தேன். வாங்கிக்கிட்டாங்க.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் தம்பி. அன்னைக்கு வாணி அழுது ஓஞ்சு, மூஞ்சி கழுவிட்டு வந்து உக்காந்தா. அப்பறம் அவளாவே கேட்டா. "ஏனுங்கப்பா, இந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு. நீங்க எப்படிங்கப்பா அம்மாகிட்ட ஒரு வருசம் பூரா சொன்னீங்க?"

"பழக்கம் சாமி"ன்னேன். "ஆனா பலன் இருந்துச்சல்ல. உங்கம்மா எதுவும் தெரியாம நிம்மதியாப் போனாளல்ல."

அவ மாத்திரை அட்டையெல்லாம் எடுத்து அடுக்க ஆரம்பிச்சா.

"தெரியாதுதானே கண்ணு?"

"தெரியாதுங்கப்பா"ன்னா. "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் எதுவும் தெரியாது."

குரல் நடுங்கலை தம்பி. அதைக் கேட்டேன். மூஞ்சியப் பாக்கலை. தண்ணி குடிச்ச டம்ளர் அங்கயே கெடந்துச்சு, அதைக் கழுவி வெக்கலாம்னு எந்துருச்சுப் போயிட்டேன்.